பன்னிரண்டு மில்லிமீட்டர்

மார்ச் 4

தம்பிக்கு,

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே. பதறுகிற மாதிரி புதிதாக ஒன்றும் இல்லை. நவம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததைச் சித்தப்பா உனக்குச் சொல்லியிருப்பார். வலது கை இன்னும் திரும்பவில்லை. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக வருகிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாதான் கண்ணுக்கு முன்னால் வரும். கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசித் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதினால் போதும்.

விஷயம் அவருடைய ஷேவிங் பிரஷ். நீ தொழில் பழகிய காலத்தில் லேத்தில் கடைந்து கொடுத்தாயே, வெள்ளை நைலான் கைப்பிடி, அதேதான். முடி தொளதொளவென்று தொங்குகிறது. சோப்பில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. நுரை எழும்புவதில்லை, சோப்புத் தண்ணீர்தான் கழுத்தில் வழிகிறது. இரண்டு கை உள்ளவனுக்கே அது சள்ளை பிடித்த வேலை. இவர் இடது கையால் செய்கிறார்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவர். ஒரு நாளாவது முகத்தில் முடியோடு சீட்டில் உட்கார்ந்திருப்பாரா? சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானே செய்கிறேன் என்றேன், இடது கையைத் தூக்கிக் காட்டினார். தன் கையே தனக்குதவியாம். அவராகச் செய்ய ஆசைப்படுகிற வேலை இது ஒன்றுதான், இது போனால் மற்றதிலும் மனசு விட்டுவிடுவார் என்று பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண் சொல்கிறாள். ஆனால் நுரை இல்லாமல் ரேசர் இழுத்து இரண்டு தடவை தாடையில் ரத்தம்.

புது பிரஷ் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். வாங்கினேன். தொடக்கூட இல்லை. கரண்டில் ஓடுகிற மெஷின் வாங்கினேன். சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். அந்த பிரஷ்தான் வேண்டும். அதை நிமிர்த்த என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது.

நீ வர வேண்டாம்.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். கடைசி வரியை நாலு தடவை.

கேட்டதற்குப் பதில். பிரஷ் தொங்குவதற்குக் காரணம் முடி கெட்டுப்போனது இல்லை. கைப்பிடிக்கு வெளியே நிற்கிற முடி நீளமாக இருந்தால் வளையும், குட்டையாக இருந்தால் நிமிரும். அவ்வளவுதான். முடியை நுனியில் வெட்டிவிடாதே. நுனிதான் மெது, அதை வெட்டினால் துடைப்பம் ஆகிவிடும். அடியிலிருந்து குட்டையாக்க வேண்டும்.

உன்னிடம் இல்லாத நூலா? பிரஷை நன்றாகக் காயவிடு. கைப்பிடியை ஒட்டி, முடியைச் சுற்றி மெழுகு தேய்த்த நூலை நெருக்கமாகச் சுற்று. அரை இஞ்ச் உயரம் வந்ததும் முடிச்சை உள்ளே இழுத்துவிடு. முடி அந்த இடத்துக்கு மேலிருந்துதான் வளையும் என்பதால் பாதி நிமிர்ந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்த பிறகு இரண்டு தடவை உதறச் சொல். சோப்புக் கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி போடு, ஒற்றைக் கையில் அது நகராது.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் பிரஷைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

ஈரத்துணி நல்ல யோசனை. கிண்ணம் நகரவில்லை.

நூலைச் சொன்னபடி சுற்றினேன். நான் சுற்றினது கோணலாக இருக்குமா? ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுகிற கை. ஒரு நாள் பிரஷ் கொஞ்சம் நிமிர்ந்தது, நுரையும் வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் நூல் மொத்தமும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறார். ஏன்ப்பா என்றேன். “வேணாம்” என்றார். பிரஷை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இன்னொரு தடவை “வேணாம்.”

பொம்மையைப் பறிகொடுத்த சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். நான் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வெளியே நிற்கிற முடி நீளம் என்றால், நீ தோண்டின குழி ஆழம் பத்தவில்லை என்றுதானே அர்த்தம்? உனக்கு அளவுகோல் என்று பேர் வைத்தவள் அம்மா. அளவுகோல் அளந்த லட்சணமா இது? பாவம், மனுஷன் பதினாறு வருஷமாக இந்தத் தொங்கலை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை உன்னைச் சொன்னதில்லை.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

கோபப்படாதே என்று சொல்லிவிட்டுக் கோபம் வருகிற மாதிரி எழுத உன்னால்தான் முடியும். ஊசி என்று உனக்குப் பேர் வைத்தவளும் அம்மாதான்.

என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பழகுகிற காலத்தில் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அளவு எழுதி வைத்திருக்கிறேன். வாங்கின முடிக்கற்றையின் மொத்த உயரம் எழுபத்தைந்து மில்லிமீட்டர். குழி ஆழம் இருபத்தைந்து. வெளியே ஐம்பது. குழியை மூன்று தடவை அளந்து மூன்று தடவையும் எழுதியிருக்கிறேன். ஐம்பது மில்லிமீட்டர் முடி தொங்காது. இஞ்ச் டேப்பை விட்டுவிட்டு ஒரு ஸ்கேல் வைத்து நீயே அளந்து எழுது.

பிரஷைக் கொடுத்த அன்று அப்பா அதை உள்ளங்கையில் குத்திப் பார்த்து, “நல்லா நிக்குதே” என்றார். அந்த வீட்டில் நான் செய்த எதைப் பற்றியும் அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். இத்தனை வருஷம் நான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் பிள்ளை மனசு நோகக்கூடாது என்று சொன்ன பொய்தானா என்று இப்போது யோசிக்க வைத்துவிட்டாய்.

இதோடு நாலு ரப்பர் வளையம் வைத்திருக்கிறேன். குழாய் மூட்டுக்குப் போடுகிறது. ஈர முடியை விரலால் குவித்து வளையத்தை அடிவரை தள்ளு. நூல் மாதிரி ஊறாது, கடித்தாலும் அறாது.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அளந்தேன். அறுபத்திரண்டு.

மூன்று தடவை அளந்தேன், உன் தம்பட்டத்துக்காக. மூன்று தடவையும் அறுபத்திரண்டு. நோட்டு பொய் சொல்கிறதா, ஸ்கேல் பொய் சொல்கிறதா என்று நீயே தீர்மானித்துக்கொள்.

ரப்பர் வளையம் ஐந்து நாள் நன்றாக இருந்தது. அப்பா அதை எதுவும் செய்யவில்லை, முறைத்துப் பார்த்ததோடு சரி. ஆறாம் நாளிலிருந்து வளையம் பிடிக்கிற இடத்தில் முடி ஒவ்வொன்றாக ஒடிந்து நுரையோடு கன்னத்தில் ஒட்டுகிறது. உள்ளே சிக்கின சோப்பும் வெளியே வருவதில்லை. கழற்றிவிட்டேன்.

நேற்று பெரிய வெட்டு. காதுக்குக் கீழே. துண்டு நனைந்துவிட்டது. அவர் சத்தமே போடவில்லை, நான் காபி டம்ளரோடு உள்ளே வந்துதான் பார்த்தேன். பிசியோ பெண் காயத்தைப் பார்த்துவிட்டு மாசக் கடைசி வரை பார்ப்போம், இப்படியே போனால் ரேசரை எடுத்து ஒளித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கேட்டிருக்கிறது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வேறு வழி இருந்தால் எழுது.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

அறுபத்திரண்டு இருக்க முடியாது. ஆனால் நீ அளந்தால் அது சரியாகத்தான் இருக்கும். இரண்டுமே உண்மை என்றால் குழிக்குள்ளே என்னவோ நடந்திருக்கிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

நூலும் வளையமும் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. முடிக்கற்றையை வெளியே எடுத்து, குழியைச் சரிபார்த்து, ஆழமாக இறக்கி ஒட்ட வேண்டும். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவிட்டு, முடியை நூலால் கட்டி, கைப்பிடியின் வாயை ஆவியில் பத்து நிமிஷம் காட்டு. பசை இளகும். துணியால் பிடித்து மெல்லத் திருகினால் வந்துவிடும். உனக்குப் பயமாக இருந்தால் எனக்குப் பார்சல் அனுப்பு.

திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

தம்பி


ஏப்ரல் 13

திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னாய். டாக்டர் சொன்னார் என்று சொன்னாய். நான் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். இருக்கிற நாள் தன் கட்டிலில் இருக்கட்டும் என்றேன். நீ வராந்தாவில் நின்றபடியே அந்த ஆபரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டாய், சுவரில் வைத்து. பேனா எழுதவில்லை என்று உதறினாய், அதுகூட ஞாபகம் இருக்கிறது. நாலு மணி நேரம். திறந்தார்கள், பார்த்தார்கள். அப்புறம் நம்மிடம் கொடுத்தது எதை?

ஒரு வீட்டில் ஒரு தடவை திறந்து பார்த்தது போதும். பிரஷை நான் தொடப்போவதில்லை. உனக்கும் அனுப்பப்போவதில்லை.


ஏப்ரல் 19

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான் அன்று அவசரப்பட்டேன் என்று நீ நினைக்கிறாய். அவசரம்தான். இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும்? இரும்பைப் பற்றித் தெரியும். உள்ளே கோளாறு இருந்தால் கழற்றித்தான் பார்ப்போம். அந்தப் புத்தியில் கையெழுத்துப் போட்டேன். நீ சொன்னபடி வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தால் அம்மா இன்னும் ஒரு வாரம் இருந்திருப்பாளோ என்று லேத் ஓடும்போதெல்லாம் யோசிக்கிறேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பது ஒரு வசதி.

ஒன்று மட்டும் என்னை விடாமல் அரிக்கிறது. நான் டாக்டரைக் கேட்டேன், உன்னிடம் சண்டை போட்டேன், அப்பா முகத்தைப் பார்த்தேன். அம்மாவைக் கேட்கவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு பத்தடி தள்ளித்தான் படுத்திருந்தாள்.

பிரஷ் விஷயத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன். நீயும் நானும் ஏழு கடிதம் எழுதிவிட்டோம். அப்பா வேணாம் வேணாம் என்கிறார். எது வேணாம் என்று நாம் ஒரு தடவையாவது கேட்டோமா? உட்கார்ந்து, நேரம் எடுத்து, அவர் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்து கேள். திறக்கக் கூடாது என்று அவர் சொன்னால் திறக்க வேண்டாம். நான் வேறு ஏதாவது யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தப்பு என் பேரிலும் இருக்கலாம். அந்தக் குழியின் உள்சுவரை உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்தேன். யாரும் பார்க்காத இடம். இருந்தாலும் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு திமிர். நைலானில் பசை பிடிப்பதே கஷ்டம், வழவழப்பான நைலானில் பிடிக்கவே பிடிக்காது. சுவரில் கீறல் போட்டிருக்க வேண்டும். அது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அப்பாவிடம் சொல்லவில்லை. நன்றாக நிற்கிறது என்று சொன்னவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

நீளமாக எழுதப்போகிறேன். உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்த அன்று எனக்குத் தைக்க ஒன்பது சட்டை இருந்தது. மெஷினை மூடிவிட்டு அப்பா கட்டிலில் போய் உட்கார்ந்தேன். பிரஷைக் கையில் கொடுத்தேன். அப்பா, இதைக் கழற்றிச் சரி பண்ணலாமா, இல்லை இப்படியே இருக்கட்டுமா, நீங்க சொல்றதுதான் என்றேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எழுந்து போகவில்லை.

“அவ ஒட்டினா” என்றார்.

யார் என்று கேட்டேன். அம்மா படம் மாட்டியிருக்கிற சுவரைப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் ஒரு காஜா எடுத்து முடிக்கலாம், அவ்வளவு இடைவெளி விட்டுச் சொன்னார். பிரஷ் கீழே விழுந்து முடி தனியாக வந்துவிட்டது. அம்மா கைதவறிப் போட்டாள். மகன் செய்து கொடுத்தது, அவருக்கு உயிர் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லாமல் அவளே ஒட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பிரஷைத் தண்ணீரில் நனைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இவர் ஒன்றும் தெரியாத மாதிரி ஷேவ் செய்துகொண்டு வேலைக்குப் போய்விட்டார். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

வேணாம் என்றது இதைத்தான். திறந்தால் அவள் ஒட்டினது போய்விடும் என்று.

அப்போ விட்டுடலாம்ப்பா என்றேன். எனக்கே மனசு வரவில்லை. அவர் காதுக்குக் கீழே இருக்கிற காயத்தைத் தடவிப் பார்த்தார். பிரஷை என் மடியில் வைத்தார். “திற” என்றார்.

நீ சொன்னபடி ஆவியில் காட்டினேன். அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்று அம்மா சொல்வாளே, அதைச் சொல்லிக்கொண்டே காட்டினேன். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. முடி வந்தது. அதன் அடியில் திரி மாதிரி இறுக்கிச் சுற்றின துணி, பசையில் ஊறிக் கெட்டியாகி. உன் பன்னிரண்டு மில்லிமீட்டர் அதுதான். உன் குழியில் பிடிக்காத பசை துணியில் பிடிக்கும் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? துணியை அடைத்து, துணிமேல் முடியை ஒட்டியிருக்கிறாள். அவிழ்ந்துவிடாமல் இருக்க மூன்று தையல். அவள் கை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை போடுவாள், முடிச்சு மேல் நம்பிக்கை கிடையாது.

துணியும் எனக்குத் தெரிந்த துணி. எட்டு வருஷத்துக்கு முன்னால் நர்சுகளுக்கு மேலங்கி தைத்தேனே, அந்த இளநீல லைனிங். ஒரு துண்டு குறைந்து வீடு முழுக்கத் தேடினேன். அம்மா என்கூடச் சேர்ந்து தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். நான் எலிப்பொறி வாங்கி வைத்தேன். இப்போது அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பாவும் அழுதார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அதற்கப்புறம்தான்.

அம்மா எதையும் இப்படித்தாம்ப்பா, ஒடைஞ்சா சொல்ல மாட்டா, ஒட்டி வெச்சிடுவா என்று சும்மா சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “வலி” என்றார். உங்களுக்கா என்று பதறினேன். தலையை ஆட்டினார். “அவளுக்கு. ஒரு வருஷம்.”

தம்பி, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா ஒரு வருஷமாக வலியை அடக்கி வைத்திருந்தாள். ராத்திரியில் எழுந்து உட்காருவதை இவர் பார்த்துக் கேட்டிருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவள் தையலை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள், அவன் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொன்னால் வருத்தப்படுவாள் என்று இவரும் விட்டுவிட்டார், பிரஷை விட்ட மாதிரியே. ஆஸ்பத்திரிக்குப் போனபோது உன் கையெழுத்தாலோ என் பிடிவாதத்தாலோ ஆகக்கூடியது எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்த அன்று வாசலில் அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து, அம்மாவைக் கொன்னவன் நீ என்று சொன்னேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் உன்மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீயும் அப்படித்தானே நினைத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய்? இப்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவன் இல்ல. நான். அன்னிக்கே சொல்லணும்.”

முடியை ஆவியில் காட்டிப் பிடுங்கிவிட்டேன். நான் சொன்ன அந்தச் சொல்லை எதில் காட்டிப் பிடுங்குவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். எழுதுவதற்கே எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

பிரஷை இன்னும் ஒட்டவில்லை. எப்படி ஒட்ட வேண்டும் என்று உடனே எழுது. பிசியோ பெண்ணிடம் பத்து நாள் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

அக்கா


மே 4

அக்காவுக்கு,

ஒட்டுகிற விதம் முதலில். குழிக்குள் பழைய பசையைச் சுரண்டி எடு. உள்சுவரில் ஆணி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறல் போடு, நிறையப் போடு, அழகு பார்க்காதே. இரண்டு டியூபைக் கலக்கிற பசை வாங்கு. முடியை அடிவரை இறக்கு. ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்து யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

அம்மாவின் துணியைத் தூக்கிப் போடாதே. அது என் வேலையைவிட நல்ல வேலை. நான் விட்ட இடத்தை அவள் பிடித்திருக்கிறாள்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை என்று அவரிடம் சொல். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அந்த வருஷம் நானும் வாரா வாரம் அம்மாவோடு போனில் பேசினேன். நடுவில் மூச்சு வாங்குவாள். என்னம்மா என்றால், மாடி ஏறி வந்தேன் என்பாள். நம் வீட்டுக்கு மாடி ஏது? அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அளவுகோல் என்று பேர் மட்டும்தான்.

உன்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது அது எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பதினாறாம் தேதி சனிக்கிழமை எனக்கு லீவு. இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறேன். நான் வரலாமா? வந்தால் அன்று ஒரு நாளாவது அப்பாவுக்கு நான் ஷேவ் செய்துவிடட்டுமா?

தம்பி


மே 11

தம்பிக்கு,

ஒட்டியாயிற்று. கீறல் போட்டேன், ஆணியால் நான் போட்ட கீறலைப் பார்த்தால் உனக்கு ஜுரம் வரும். துணியைப் பற்றி அப்பாவைக் கேட்டேன். மொத்தத்தையும் எடுத்துவிடவா என்றதும் கையை மூடிக்கொண்டார். அதனால் அதில் ஒரு மெல்லிய பட்டை வெட்டி, முடிக்கற்றையின் அடியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியிருக்கிறேன். அம்மாவின் பாணியிலேயே இரட்டைத் தையல். மீதித் துணி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வெளியே நிற்கிற முடி ஐம்பத்தொன்று. ஒரு மில்லிமீட்டர் கூடுதல். பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலையில் தொட்டார். சோப்பில் நாலு சுற்று, பிரஷ் சாயவில்லை. நுரை கிண்ணத்துக்கு மேலே வந்துவிட்டது. கன்னத்தில், தாடையில், காதோரம் எல்லாம் வெள்ளையாகப் பூசிக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநாள் கழித்து ரேசர் சத்தம் சீராகக் கேட்டது. முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கீறல்கூட இல்லை. பிசியோ பெண் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு ரேசரை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பிரஷை அலசி உதறிவிட்டு உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். “நிக்குது” என்றார். பொய் சொல்கிற நிலைமையில் இப்போது அவர் இல்லை. ஒரு சொல் சொல்வதற்கே அவ்வளவு பாடு. ஆகையால் பழையதையும் நீ உண்மை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோபம் இல்லை என்று நீ சொன்னதை, முகத்தைப் பார்த்தே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், “எப்போ?” என்றார். சனிக்கிழமை என்றேன். அதற்கப்புறம் தினமும் கேட்கிறார். நான்தான் முதல் கடிதத்தில் வர வேண்டாம் என்று எழுதினேன். அந்த வரியை நாலு தடவை படித்ததாகச் சொன்னாய். இதையும் நாலு தடவை படி. வா.

ஆனால் ஷேவ் செய்துவிடுகிற ஆசையை விட்டுவிடு, அவர் யாரையும் விடமாட்டார். எட்டரைக்குச் சரியாக நாற்காலியில் உட்காருவார். உனக்காகக் காத்திருக்கவும் மாட்டார், டிரைவர் புத்தி, நேரம் ஆனால் வண்டியை எடுத்துவிடுவார். முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டுக்குள் வந்துவிடு. முக்கால் மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கண்ணாடியை ஆடாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எனக்குக் கை வலிக்கிறது.

அக்கா